இருநூற்று ஐம்பத்து நான்கு

நாலு இடம்.
இந்த வருஷம் எண்ணூற்று எழுபத்தாறு விண்ணப்பம்.
மில்வாக்கியில் எங்கள் எலும்பு அறுவைத் துறைக்கு
இதுவே குறைச்சல் என்கிறார் டாக்டர் ஹேவர்காம்ப்,
பந்திக்கு ஆள் குறைந்த கல்யாண வீட்டுக்காரர் மாதிரி.

நான் டாக்டர் இல்லை.
இருபத்திரண்டு வருஷமாக இந்த மேஜை.
சல்லடையின் கண்ணை அளந்து வைப்பது என் வேலை:
தேர்வு மதிப்பெண் இருநூற்று ஐம்பத்தைந்து.
பெட்டியில் எண்ணை அடித்தால்
ஐந்நூறு பேர் சத்தமில்லாமல் உதிர்வார்கள்.
உதிர்ந்தது அவர்களுக்குத் தெரியாது.
ஜனவரி வரை
கைபேசியைத் தலையணைக்கு அடியில் வைத்துத் தூங்குவார்கள்.

உதிர்ந்தவர்களைப் படிப்பது என் கெட்ட பழக்கம்.
மதியம், சூப் ஆறும் வரை, ஒன்றோ இரண்டோ.
எல்லாருக்கும் பத்து வயதில் கை முறிந்திருக்கிறது.
எல்லாருக்கும் மாவுக்கட்டுப் போட்டவர்
தெய்வமாகத் தெரிந்திருக்கிறார்.

எலினா ஹாகலாவுக்கு எதுவும் முறியவில்லை.
"இஷ்பெமிங்கில், படகுத் தார்ப்பாய் தைக்கும் கடையில்
ஆறு கோடை வேலை பார்த்தேன்.
கிழிசலின் ஓரத்திலேயே தைத்தால் மறுபடி கிழியும்.
நல்ல துணி எங்கே தொடங்குகிறது என்று
விரலால் தேடிப் போக வேண்டும்.
எலும்பும் அப்படியா என்று தெரியவில்லை.
தெரிந்துகொள்ள வருகிறேன்."
அரைப் பக்கம். அவ்வளவுதான்.
மதிப்பெண் இருநூற்று ஐம்பத்து நான்கு.

சூப் ஆறிவிட்டது.
பெட்டியில் ஐந்தை அழித்து நான்கு என்று அடித்தேன்.
முப்பத்தெட்டுப் பேர் உள்ளே வந்தார்கள்,
அவளோடு, அவளால், அவளை அறியாமல்.
ஏன் இந்தத் தடவை இவ்வளவு கூட்டம், என்றார் ஹேவர்காம்ப்.
நல்ல பிள்ளைகள் அதிகம் டாக்டர், என்றேன்.
பொய்யில்லை.

நேர்காணல் திரையில்.
இடுப்பு வரை கோட்டும் டையும்,
கீழே என்ன என்பது ஆண்டவனுக்கே வெளிச்சம்.
ஒவ்வொரு கண்ணிலும் வட்ட விளக்கு, சின்னச் சின்ன நிலா.
ஹாகலா மட்டும் காரில்.
வீட்டில் இணைப்பு போய்விட்டது,
நூலக வாசலில் நிற்கிறேன், மன்னியுங்கள்.
பின் கண்ணாடியில் பனி விழுந்துகொண்டிருந்தது.
முதல் கேள்விக்கு அதில் ஒரு மரம் தெரிந்தது.
மூன்றாவதுக்குப் பாதி மரம்.
கடைசியில் வெறும் வெள்ளை,
அதன் முன்னால் ஒரு முகம், புகையும் மூச்சு.

எங்களிடம் கேட்க ஏதாவது உண்டா?
வருஷத்துக்கு எத்தனை இடுப்பு, எத்தனை முழங்கால்
என்றுதான் மற்றவர்கள் கேட்டார்கள்.
அவள் கேட்டாள்: "உங்கள் தியேட்டரில்
ஏறி நிற்க ஒரு ஸ்டூல் இருக்குமா?
நான் ஐந்தடி அரை அங்குலம்."
சிரித்தார்கள்.
ஹேவர்காம்ப் சிரிக்காமல் எதையோ குறித்துக்கொண்டார்.
எனக்குக் காட்டவில்லை.

பிப்ரவரியில் வரிசைப் பட்டியல். அவள் பதினான்கு.
மோசமில்லை. போன வருஷம் பதினாறு வரை இறங்கினோம்.
அன்றைக்கே, பேனாக்களுக்கும் காகிதத்துக்கும் நடுவில்
எஃகு ஸ்டூல் ஒன்று ஆர்டர் செய்தேன்,
ஒன்பது அங்குல உயரம்.
நூறு டாலர் வரை
என் கையெழுத்தை இங்கே யாரும் கேள்வி கேட்பதில்லை.

மார்ச், வெள்ளிக்கிழமை.
இரண்டு, மூன்று, ஏழு, ஒன்பது.
ஒன்பதோடு நின்றுவிட்டது.
ஹேவர்காம்புக்கு வாயெல்லாம் பல்.
அவளுக்கு வேறெங்காவது கிடைத்ததா,
இல்லை, திங்கட்கிழமையே வரும் அந்தக் கடிதமா,
'வருந்துகிறோம்' என்று தொடங்குமே, அதுவா?
தேடினால் தெரியும்.
இரண்டு தடவை பெயரை அடித்தேன்,
இரண்டு தடவையும் அழித்தேன்.

ஜூலையில் வந்த நாலு பேரில் குள்ளமானவன் ஆறடி.
டைக்ஸ்ட்ரா என்ற நெட்டையன்
விடிகாலை நாலரைக்கு என் மேஜையடியிலிருந்து ஸ்டூலை இழுத்து
முழங்கால் காதைத் தொட உட்கார்ந்து
ஷூவுக்கு உறை மாட்டுகிறான்.
இது யாருக்கு வாங்கினீர்கள், லொரெய்ன்?
எனக்குத்தான் தம்பி, என்றேன்,
மேல் தட்டு எட்டுவதில்லை.

அன்றிலிருந்து
மேல் தட்டுக் கோப்புகளை அவனே எடுத்துத் தருகிறான்.